மூன்று பழந்துறைகள், இரண்டு இரவுகள்

சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம் என்றால் ஒரு நாள் வேலை. காலை டிபனை முடித்துக் கிளம்பி, பதினொரு மணி வெயிலில் ஐந்து ரதத்தைச் சுற்றி, மதியம் மீன் சாப்பாடு, மாலையில் கடற்கரைக் கோயில், இருட்டும் நேரத்தில் அலையில் கால் நனைத்துவிட்டு வீடு. நாங்களும் பல வருடம் அப்படித்தான் போய்வந்தோம். ஒரு மே மாதம் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். அத்தைக்கு முழங்கால் வலி. ஐந்து ரதத்து மணல் கொதித்தது. திரௌபதி ரதத்தின் நிழலில் உட்கார்ந்தவர், "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கம்மா, எனக்கு இந்த நிழல் போதும்" என்று சொல்லிவிட்டார். பையனோ "கடலுக்கு எப்போ போவோம்" என்று என் கையை இழுத்துக்கொண்டே இருந்தான். அன்று கல்லையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. வெயிலைத்தான் பார்த்துவிட்டு வந்தோம்.

அதன் பிறகு இந்தப் பயணத்தை நான் வேறு விதமாக அமைத்துக்கொண்டேன். இரண்டு இரவு, ஒரே தங்குமிடம், அதிகாலையில் கல், அந்தியில் கடல், நடுப்பகலில் தூக்கம். மாமல்லபுரத்தோடு நின்றுவிடாமல் வடக்கே சாளுவன்குப்பம், தெற்கே சதுரங்கப்பட்டினம், இன்னும் தெற்கே ஆலம்பரை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 55 கி.மீ. நீளத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். பல்லவர் துறை, டச்சுக்காரர் துறை, ஆற்காட்டு நவாபுகளின் துறை என்று மூன்று பழந்துறைகள் இதில் வருகின்றன. மூன்றும் கடலால் பிழைத்தவை. கப்பல் வந்ததால் ஊர் எழுந்தது. கப்பல் நின்றபோது ஊர் ஓய்ந்தது. மிச்சத்தை மணலும் பீரங்கியும் பார்த்துக்கொண்டன. அதனால் இங்கே பாழடைந்த கட்டடம் ஒரு பக்கம், கடற்கரை ஒரு பக்கம் என்று குழந்தைகளுக்குப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. கோட்டைச் சுவர் ஓரத்தில் நின்றபடியே அலையைப் பார்க்கலாம்.

எப்போது போவது

தை பிறந்ததிலிருந்து மாசி முடியும் வரை, அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் கரையில் நிற்கவே விடமாட்டார்கள். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை என்பதால் எல்லோரும் கிளம்புகிறார்கள், ஆனால் கருங்கல் அந்தச் சூட்டை வாங்கி இரவு வரை வைத்திருக்கும். மீனுக்காகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது. நாட்டுப் படகுகளில் வருவது மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும்.

மாசி மகத்தை ஒட்டிப் போக முடிந்தால் வேறெங்கும் காணாத ஒன்றைக் காணலாம். பல மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரக் கடற்கரைக்கு வந்து, சேலைகளைக் கட்டிக் குடில் போட்டு, மணலிலேயே இரவு தங்கி, விடியலில் தங்கள் கன்னியம்மனை வழிபடுவார்கள். கல்யாணம் பேசி முடிப்பதும், தாலி கட்டுவதும், குழந்தைக்கு மொட்டை போடுவதும் அந்த மணலில்தான். இது அவர்கள் சாமி கும்பிடும் இடம், நமக்கான காட்சி இல்லை. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குழந்தைகளை ஓரமாக நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மூன்று நாள் தங்குமிடம் கிடைப்பது கொஞ்சம் சிரமம், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

போகும் வழி

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகப் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாமல்லபுரம். மாநகரப் பேருந்துகள் ஊருக்குள்ளேயே போகும். புதுச்சேரிப் பேருந்தில் ஏறினால் புறவழிச் சாலையில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். பெட்டியும் பிள்ளையுமாக இருப்பவர்கள் இதை நடத்துநரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ளவும். மதுரை, திருச்சிப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் சென்னை வரை போகாதீர்கள். செங்கல்பட்டில் இறங்கினால் திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கி.மீ.தான். கடைசி நாள் ஆலம்பரைக்கு மட்டும் கார் இருந்தால் நல்லது. வாடகைக்கு எடுத்தால் அரை நாள் வண்டி போதும்.

தங்குமிடம் தேடும்போது 'கடல் தெரியும் அறை' என்பதில் மயங்க வேண்டாம். முதியவர் இருந்தால் தரைத் தளம், குழந்தை இருந்தால் கடலுக்கு நேரே திறக்கும் கதவு இல்லாத இடம். அறை வாசலிலிருந்து இறங்கினால் அலை என்று இருக்கும் விடுதியில் ஒரு தாய்க்கு நிம்மதியாகத் தூக்கம் வராது. எனக்கு வரவில்லை.

முதல் மாலை: கடல் மட்டும்

மதியம் மூன்று, நான்கு மணிக்குப் போய்ச் சேருங்கள். அன்று ஒரு சிற்பத்தையும் பார்க்க வேண்டாம். குழந்தைகள் கடலுக்காகத்தான் வந்திருக்கிறார்கள். அதை முதலில் கொடுத்துவிட்டால் மறுநாள் காலை நாம் சொல்வதைக் கேட்பார்கள். கடலைக் கடைசிக்கு வைத்திருந்தால் நடுவில் இருக்கும் எல்லாச் சிற்பமும் அவர்களுக்குக் கடலைத் தடுக்கும் சுவர்தான்.

ஆனால் இந்தக் கடலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மாமல்லபுரக் கடல் குளிக்கிற கடல் இல்லை. பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். கரை சட்டென்று ஆழத்துக்கு இறங்குகிறது, பாறைகள் இருக்கின்றன, கரைக்கு வந்த தண்ணீர் திரும்பும்போது ஒரு வாய்க்கால் போலச் சேர்ந்து உள்ளே இழுக்கிறது. ஆண்டுதோறும் இங்கே உயிர்கள் போகின்றன, பெரும்பாலும் இளைஞர்கள், பெரும்பாலும் கூட்டமாக வந்தவர்கள். ஒருமுறை என் மகள் அலை அதிகம் உடையாத இடமாகப் பார்த்து இறங்கப் போனாள். வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சத்தம் போட்டார். "அம்மா, கொழந்தைய அங்க வுடாதீங்க. அலை இல்லேன்னு நெனைக்காதீங்க, அங்கதான் தண்ணி உள்ள இசுக்கும்." அவர் சொன்னது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கலங்கிய நிறத்தில் இருந்தால், அதுதான் தண்ணீர் திரும்பிப் போகும் வழி. நீச்சல் தெரியாதவர் பாதுகாப்பு என்று நினைத்து இறங்கும் இடமும் அதுவே.

எப்போதாவது இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துப்போவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்து, பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு இதை மணலில் விரலால் வரைந்து காட்டுங்கள். சிறியவர்களுக்கு முழங்கால் எல்லை. அந்த எல்லைக்குள்ளும் ஒரு பெரியவர் கடலுக்கும் குழந்தைக்கும் நடுவில் நிற்க வேண்டும், கையில் செல்போன் இல்லாமல்.

குளித்தே ஆக வேண்டும் என்றால் மாமல்லபுரம் வரும் வழியில் உள்ள கோவளத்தில் நிறுத்துங்கள். 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. குளிக்க எல்லை கட்டிய பகுதி, உயிர்காப்பாளர், உடை மாற்றும் அறை, கழிப்பறை எல்லாம் உண்டு. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து நனைந்துவிட்டு உலர்ந்த உடையில் வண்டி ஏறக்கூடிய இடம் இந்தச் சாலையில் அரிது. சாலையில் அலைச்சறுக்குப் பலகைகளைச் சாத்தி வைத்திருக்கும் கடைகளைப் பார்ப்பீர்கள். கோவளத்து மீனவ இளைஞர்கள் அதில் தேர்ந்தவர்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை கரையில் பெரிய ஆமை செத்து ஒதுங்கியிருப்பதைக் காண நேரலாம். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது, வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகின்றன. குழந்தைகள் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். இரவில் கரையில் டார்ச் அடித்துக்கொண்டு திரிய வேண்டாம், உயிரோடு வருகிற ஆமை அந்த வெளிச்சத்தைக் கண்டு திரும்பிப் போய்விடும்.

மறுநாள் காலை: கிழக்கு முகம் பார்த்த கற்கள்

கடற்கரைக் கோயிலை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். ஆறரைக்குள் உள்ளே இருங்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை; பெரியவர்கள் வாங்கும் சீட்டு அன்று முழுவதும் ஐந்து ரதத்துக்கும் செல்லும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். செல்போனிலேயே வாங்கிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம்.

காலையில் போகச் சொல்வதற்குக் காரணம் வெயில் மட்டும் அல்ல. உயரமான விமானம் உள்ள சன்னதி கடலைப் பார்த்து நிற்கிறது. நாம் உள்ளே நுழைவதோ அதன் முதுகுப்பக்கம். பலர் முதுகை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். சுற்றிப் போய்க் கிழக்கு வாசலில் நின்றால், எழுந்த சூரியன் நேரே கருவறைக்குள் விழுந்து, பட்டை தீட்டிய லிங்கமும் பின்சுவரில் உள்ள சோமாஸ்கந்தரும் தெரியும். சிவனுக்கும் உமைக்கும் நடுவில் குட்டி முருகன். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவில், இருட்டில், ஒரு பெருமாள் படுத்திருக்கிறார். கோயில் கற்களை அடுக்கிக் கட்டியது. பெருமாள் மட்டும் அந்த இடத்திலேயே கிடந்த பாறையில் செதுக்கியவர். வாசற்படி குறுகல், முதியவரைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள்.

சுற்றுச்சுவரின் மேல் நந்திகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பலவற்றின் முகம் கரைந்துவிட்டது. உப்புக்காற்று தின்றது. பையனைத் தூக்கி ஒரு நந்தியின் தேய்ந்த மூக்கையும், வெளியே சற்றுத் தள்ளியுள்ள சிங்கத்தையும் காட்டினேன். அந்தச் சிங்கத்தின் மார்பில் ஒரு சதுரக் குழி, குழிக்குள் சின்னஞ்சிறு துர்க்கை. குழந்தைகள் அந்தக் குழியை மறக்கவே மாட்டார்கள். கோயிலையும் அலை அரிக்காமல் இருக்கத்தான் கடல்பக்கம் கருங்கல் தடுப்பும், சுற்றிலும் சவுக்குத் தோப்பும்.

அங்கிருந்து நடை தூரத்தில் அர்ச்சுனன் தபசு. இதைச் சாலையில் நின்றே பார்க்கலாம். சாலை ஓரத்திலேயே கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளத்துக்கு விரிகிறது. இதுவும் கிழக்குப் பார்த்தது. ஏழரை, எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு உருவமும் நிழலோடு எழுந்து வரும். பகல் பன்னிரண்டுக்கு எல்லாம் தட்டையாகிவிடும். ஒற்றைக் காலில் நிற்பவன் பாசுபதம் வேண்டிய அர்ச்சுனனா, கங்கையை வேண்டிய பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குப் பகீரதன் பக்கம்தான் மனம் சாய்கிறது. இரண்டு பாறைகளுக்கும் நடுவில் உள்ள பிளவில் நாகர்கள் மேலே ஏறுவதைப் பாருங்கள். மேலே தண்ணீர் தேக்கி அந்தப் பிளவில் வழிய விட்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் உண்டு. மழை நாளில் நின்று பார்த்தவருக்கு அது கங்கை இல்லை என்று சொல்ல வாய் வராது.

குழந்தைகளுக்கு விளக்கவுரை வேண்டாம். தேடச் சொல்லுங்கள். கைகளை உயர்த்தி ஒரு பூனை தவம் செய்கிறது, அதை நம்பி எலிகள் சுற்றி நிற்கின்றன. உருத்திராட்சப் பூனை என்று நாம் சொல்வதன் கல் உருவம். பெரிய யானையின் பக்கத்தில் தேடினால் கிடைக்கும். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க என் மகளுக்குக் கால் மணி நேரம் ஆனது. பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறப்பவரையும் கன்றை நக்கும் பசுவையும் பார்த்தால் அத்தைக்கு அன்றைய நாள் நிறைந்துவிடும். மாடு வளர்த்தவர்களுக்குத்தான் அந்தப் பசுவின் கழுத்து வளைவு முழுதாகப் புரியும்.

ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். இட்லி, குளியல், தூக்கம். நான்கு மணி வரை வெளியே தலை காட்ட வேண்டாம்.

மாலை நான்குக்கு ஐந்து ரதம். ஐந்துமே மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கிய ஒற்றைப் பாறைகள். முதலில் சிகரம், கடைசியில் அடித்தளம். பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை, பெயர் பின்னால் ஒட்டியது. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசையின் வடிவம். சகதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்தது. தூங்கானை மாடம் என்பது இந்த வடிவத்துக்குத் தமிழ்ப் பெயர். பார்ப்பவர் ஒப்பிட்டுக்கொள்ளட்டும் என்றே பக்கத்தில் ஒரு கல் யானையை நிறுத்தியிருக்கிறார்கள் போலும். தர்மராஜ ரதத்தில் பல்லவ கிரந்த எழுத்தில் மன்னனின் விருதுப் பெயர்கள் வெட்டியிருக்கின்றன.

"அம்மா, ஏன் பாதியிலேயே விட்டுட்டாங்க?" என்று மகள் கேட்டாள். இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். பீம ரதத்தின் கீழே பாறை இன்னும் பாறையாகவே இருக்கிறது, உளி பட்ட தடம் அப்படியே தெரிகிறது. முடித்த கோயிலில் வேலை தெரியாது. முடிக்காததில்தான் கை தெரியும். ஊரில் பல பாறைகளில் வரிசையாகச் சிறு சதுரக் குழிகள் இருக்கும், ஆப்பு அடித்துக் கல்லைப் பிளந்த தடங்கள். அவற்றை எண்ணிக்கொண்டே வாருங்கள் என்று சொன்னால் பிள்ளைகள் சோர்வில்லாமல் நடப்பார்கள்.

ரதத்திலிருந்து ஊருக்குத் திரும்பும் சாலையில் சிற்பப் பட்டறைகள். உளிச் சத்தம் கேட்கிற பட்டறையாகப் பார்த்து நில்லுங்கள். அரசுச் சிற்பக் கல்லூரி 1957 முதல் இங்கே நடக்கிறது. இந்த ஊர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மாக்கல்லில் செய்த சிறு யானை பிள்ளைகளின் கைக்கு அடக்கம். ஆனால் அது நகத்தால் கீறினாலே கோடு விழும் மென்கல், கருங்கல் விலை கொடுத்து வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கி வந்தது ஒரு சின்னக் கருங்கல் இடிகல். இன்றும் அதில்தான் ஏலக்காய் இடிக்கிறேன்.

சாளுவன்குப்பம்: மணலுக்குள் இருந்த முருகன்

இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கே போங்கள் என்பேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே 5 கி.மீ. எல்லோரும் புலிக்குகையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு பாறையில் சிறிய மேடை, அதைச் சுற்றி வளையமாக 11 யாளித் தலைகள். புலி எதுவும் இல்லை. பக்கத்தில் அதிரணசண்ட மண்டபம். ஒரே செய்தியை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். பள்ளியில் இரண்டு எழுத்து படிக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டாமல் வரக் கூடாது.

அங்கிருந்து வடக்கே சில நிமிடம் நடந்தால், தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் செங்கல் வரிசைகள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்பு இங்கே மணல் மேடுதான் இருந்தது. அலை வந்து திரும்பியபோது மணலையும் அள்ளிக்கொண்டு போனது. வெளியே தெரிந்த பாறையில் ஒரு முருகன் கோயிலைப் பற்றிய கல்வெட்டு இருந்தது. ஊர் திருவிழிச்சில். கல்வெட்டு இருக்கிறது, கோயில் எங்கே? 2005-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. முதலில் வந்தது பல்லவர் காலத்துக் கல் கோயிலின் மிச்சம். அதன் அடியில் அதைவிடப் பழைய, பெரிய செங்கற்களால் கட்டிய கோயில். அந்தச் செங்கற்களின் அளவை வைத்துச் சங்ககாலத்தது என்று அகழ்ந்தவர்கள் கணித்தார்கள். தூண்களில் கோயிலுக்குப் பொன் கொடுத்தவர்களைக் குறிக்கும் கல்வெட்டுகள் கிடைத்தன. கல்லில் செய்த ஒரு வேல் கிடைத்தது. சுடுமண் நந்தி கிடைத்தது.

வடக்குப் பார்த்த கருவறை. கூரை இல்லை, சாமி இல்லை, செங்கல்லும் வேலும் வானமும்தான். பழைய கோயிலைக் கடலே ஒருமுறை அழித்திருக்கலாம் என்று அங்கே படிந்த மணலை வைத்து அகழ்ந்தவர்கள் கருதினார்கள். மூடியதும் கடல், திறந்து காட்டியதும் கடல். இதைச் சொன்னதும் மகள் வெகுநேரம் பேசவில்லை. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, வேலைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். "இத்தனை வருஷம் மண்ணுக்குள்ள இருந்திருக்கியேப்பா" என்றார்.

சவுக்கு நிழல் உண்டு, பின்னாலேயே கரை உண்டு. வீட்டிலிருந்து கட்டிவந்த புளிசாதத்தை இங்கே சாப்பிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. இலையையும் தாளையும் திரும்ப எடுத்துப் போகப் பை கொண்டுவாருங்கள்.

தெற்கே: சதுரங்கப்பட்டினமும் ஆலம்பரையும்

கடைசி நாள் அறையைக் காலி செய்துவிட்டு ஏழு மணிக்குள் தெற்கே கிளம்புங்கள். சென்னைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கு இது எதிர்த்திசை, ஆனால் புதுச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கிறது.

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை. ஐரோப்பியர் வாயில் சட்ராஸ். இங்கிருந்து மெல்லிய துணி கப்பலேறியது. 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயக் கப்பற்படையும் மோதிக்கொண்டன. உள்ளே கல்லறைத் தோட்டம் பூட்டியிருக்கும். காவலரிடம் "அண்ணே, கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா, பிள்ளைங்க பாக்கணும்" என்று கேளுங்கள், சாவியோடு வருவார். கிடைமட்டமாகப் பதித்த கல்லறைப் பலகைகளில் குலச்சின்னமும் எழுத்தும் அத்தனை நுணுக்கம். முக்கால் மணி நேரம் போதும்.

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே போனால் கடப்பாக்கம். இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர். இன்றும் பேரூராட்சிப் பலகையில் அந்தப் பெயர் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பெயருக்கேற்ப ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கழி. நடுவில் ஊர். கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் சாலை முடிகிற இடத்தில் ஆலம்பரைக் கோட்டை.

செங்கல்லும் சுண்ணாம்பும். நவாபுகளின் காலத்தில் துறைமுகமும் நாணயச் சாலையும் இங்கே இருந்தன. சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் ஏற்றுமதி. 1750-ல் கோட்டை பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கைமாறியது. பத்தே வருடத்தில், 1760-ல், பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்த ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்து இடித்தார்கள். மிச்சத்தைச் சுனாமியும் அசைத்துப் பார்த்துவிட்டது. நெட்டுக்குத்தாகப் பிளந்து சாய்ந்த சுவர்த் துண்டுகளின் மேல் ஆலும் அரசும் வேர் விட்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஏறத் தோன்றும். ஏற விடாதீர்கள், செங்கல் உதிர்கிறது, உச்சியில் பிடிமானம் இல்லை. இடிந்த சுவர்களின் மறைவில் கண்ணாடிச் சில்லுகள் கிடக்கும், செருப்பைக் கழற்ற வேண்டாம்.

கோட்டையின் கீழே கழிமுகம். தண்ணீர் அலையில்லாமல், பல இடங்களில் இடுப்பளவு ஆழத்தில் கிடக்கும். எதிரே ஒரு மணல் திட்டு, திட்டுக்கு அப்பால் கடல். மீனவர்கள் படகில் அக்கரை கொண்டுபோய் விடுவார்கள். ஏறுவதற்கு முன் போகவும் வரவும் சேர்த்துக் கூலி பேசிக்கொள்ளுங்கள். உயிர்காப்பு உடை ஆளுக்கு ஒன்று இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். கழியில் குழந்தைகள் உட்கார்ந்து அளையலாம், ஆனால் முகத்துவாரத்தின் பக்கம் போகக் கூடாது. கடல் வற்றும் நேரத்தில் கழித் தண்ணீர் முழுவதும் அந்த வாயில் வழியாகத்தான் வெளியே ஓடும்.

கோட்டைக்குள் குடிநீர் கிடையாது, நிழல் குறைவு, கழிப்பறையை நம்பிப் போக முடியாது. தலைக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, முதியவருக்கு ஒரு மடக்கு நாற்காலி, நனைந்த துணிக்கு ஒரு பை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு. பெரிய கேமராவுக்குப் பதில் பிள்ளைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். என் மகள் வரைந்த பூனைத் தவம் இன்னும் எங்கள் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

பதினொரு மணிக்கு வெயில் ஏறிவிடும். அதற்குள் படகு இக்கரை வந்திருக்க வேண்டும். கடப்பாக்கம் கடைத்தெருவில் அன்று வந்த மீன் எது என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். வஞ்சிரத்துக்கு அலைய வேண்டாம், கழி நண்டும் கொடுவாவும் இந்தத் தண்ணீரின் ருசி. மீன் சாப்பிடாதவர்கள் காலையிலேயே தயிர்சாதம் கட்டிக்கொள்வது நல்லது. ஒன்றரைக்கு வண்டி கிளம்பினால், பிள்ளைகள் பின்சீட்டில் காலில் ஒட்டிய மணலோடு தூங்கிக்கொண்டிருக்கும்போதே மாலைக் கூட்டத்துக்கு முன் திருவான்மியூர் வந்துவிடும்.